மேசைமேல் இரண்டு ஜோடி ஷூ

வேண்டாம் தம்பி, இந்தப் பையை மேலே கம்பியில் வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு ஜோடி ஷூ இருக்கிறது, அவ்வளவுதான். புதியது இல்லை, பழையதுதான். பழைய ஷூவை யாராவது மடியில் வைத்துக்கொண்டு போவார்களா என்று நினைப்பீர்கள். நினைக்கலாம்.

உங்கள் தோளில் இருப்பது ஷட்டில் பேட்தானே? உறையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். பின்னால் இரண்டு சீட் காலியாக இருந்தும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். ஷட்டில் ஆடுகிறவரிடம் சொன்னால் புரியும் என்று நினைத்தேன். புரிந்துவிடுமே என்று பயமாகவும் இருக்கிறது.

சங்கரன்கோவில்தானே போகிறீர்கள்? நானும் அங்கேதான். ராஜபாளையத்திலிருந்து ஒரு மணி நேரம். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம். இதற்கு முன் இரண்டு முறை இதே பஸ்ஸில் கிளம்பினேன். முதல் முறை பாதி வழியில், கரிவலத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன். இரண்டாவது முறை சங்கரன்கோவில் பூ மார்க்கெட் வாசல்வரை போனேன். எதிர்க் கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். நான் பார்க்கப் போனவன் தலையில் பூ மூட்டையோடு என் எதிரிலேயே மூன்று தடவை போய்வந்தான். நான் எழுந்து போய் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் போயிருந்தேன். எழுந்திருப்பதற்குப் பதிலாக இன்னொரு டீ சொன்னேன். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று மூன்றாவது முறை. இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

என் பெயர் பெத்துராஜ். ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தேன். நூல் நூற்கிற ஷெட் முழுவதும் என் பொறுப்பு. சித்திரையில் ஓய்வு பெற்றேன். மில்லின் பெயர் வேண்டாம். மில்மேல் தப்பு இல்லை.

அவன் பெயர் கோமதிநாயகம். நாயகம் என்று கூப்பிடுவோம். என் ஷெட்டில் சைடர். ஓடுகிற மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்து, அறுந்த இழையைக் கண்டுபிடித்து ஒட்டுகிற வேலை. ஒரு பக்கத்துக்கு நூல் சுற்றுகிற கதிர் ஐந்நூறு ஓடும். அதில் ஒன்றில் இழை அறுந்தால் மற்றவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். நாயகம் வரிசையின் கடைசியில் நின்று கண்ணை ஒரு தடவை ஓட்டுவான். பிறகு நேராக அந்த இடத்துக்கு நடப்பான். அவன் கண் அப்படி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வட்டாரத்தில் தை மாதம் மில்களுக்கிடையே ஷட்டில் போட்டி நடக்கும். இரட்டையர் ஆட்டம் மட்டும்தான். அதில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் அதிகாரி, ஒருவர் தொழிலாளி. இரண்டு தரப்பும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ நல்ல மனதோடு வைத்த விதி. எங்கள் மில்லுக்கு நானும் நாயகமும் நான்கு வருஷம் ஆடினோம். இரண்டு வருஷம் கோப்பை எங்களுக்குத்தான். மேனேஜர் அறையில் கண்ணாடி அலமாரியில் இன்னும் இருக்கிறது. துடைக்கிறார்களா என்று தெரியாது.

நான் நடுவில் நிற்பேன். நல்ல உயரம், கை நீளம். காக் எட்டுகிற தூரத்தில் வந்தால் அடிப்பேன். நன்றாகவே அடிப்பேன் தம்பி, அதையும் சொல்லியாக வேண்டும். எட்டாத தூரத்தில் வந்தால் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். "நான் பாத்துக்கிறேன் மாஸ்டர்." முன்னால் வலை ஓரம் விழுந்தாலும் அவன்தான், பின்கோட்டில் விழுந்தாலும் அவன்தான். அவனை நான் ஓடச் சொன்னதே இல்லை. அவனாகவே ஓடினான். அதற்கு நான் வியூகம் என்று பெயர் வைத்திருந்தேன். மூளை நடுவில் நிற்க வேண்டும், கால் சுற்றி ஓட வேண்டும் என்று விளக்கம்கூடச் சொல்லியிருக்கிறேன். மேனேஜர் தலையாட்டினார்.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான். அந்த மில் மாஸ்டரும் நடுவில் நிற்பார். நாங்கள் இரண்டு பேரும் வலைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்றுகொண்டு, மற்ற இரண்டு பேர் ஓடுவதைப் பார்ப்போம். சில சமயம் பேசிக்கொள்வதும் உண்டு. "பஞ்சு என்ன ரேட்டுக்கு எடுத்தீங்க?" என்று ஒருமுறை ஆட்டத்துக்கு நடுவிலேயே கேட்டார். பதிலும் சொன்னேன். அது எங்கள் யாருக்குமே வித்தியாசமாகப் படவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்போம். அப்போது ஷூவைப் பற்றிப் பேச்சு வரும். "என்னுது மூணு வருஷமா அப்படியே இருக்கு, பெத்துராஜ். நல்ல பொருளா வாங்கிட்டா கவலையே இல்ல." நானும் காலைத் தூக்கி அடியைக் காட்டுவேன். புதிது மாதிரி இருக்கும். பெருமையாக இருக்கும்.

ஷூ விஷயத்துக்கு வருகிறேன். உள்ளரங்கில் ஆடுகிற ஷூ உங்களுக்குத் தெரியும். தரையில் கோடு விழாத மெல்லிய ரப்பர் அடி. ரோட்டில் போட்டு நடந்தால் சீக்கிரம் போய்விடும். அதனால் கையில் எடுத்துக்கொண்டு வந்து வாசலில்தான் மாற்ற வேண்டும். மில் எங்கள் இரண்டு பேருக்கும் வருஷத்துக்கு ஒரு ஜோடி கொடுக்கும். ஆனி மாதம் வரும். ஒரே கம்பெனி, ஒரே அளவு. இரண்டு பேருக்கும் எட்டு.

நான் ஷூவை எப்படி வைத்திருப்பேன் தெரியுமா? ஆடி முடித்ததும் ஈரத்துணியால் அடியைத் துடைப்பேன். உள்ளே பழைய நியூஸ்பேப்பரைச் சுருட்டி வைப்பேன். வெயிலில் வைக்க மாட்டேன், நிழலில் உலர்த்துவேன். லேஸை அவிழ்க்காமல் காலை உருவ மாட்டேன். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மில்லில் நாங்கள் தினமும் ஆடிப் பழகுகிற கோர்ட்டின் கதவில் ஒட்டியிருந்தேன். எல்லாரும் படித்தார்கள். நாயகமும் படித்தான்.

போன ஐப்பசியில் ஒருநாள் அவன் என் அறை வாசலில் வந்து நின்றான். கையில் ஷூ.

"மாஸ்டர், இது போயிருச்சு. வழுக்குது. இன்னொரு ஜோடி கெடைக்குமா?"

வாங்கிப் பார்த்தேன். இடது ஷூவில் பெருவிரல் பக்கம் ஓட்டை. உள்ளே செருகியிருந்த சாக்ஸின் நிறம் தெரிந்தது. வலது ஷூவில் குதிகால் விளிம்பு வழுவழுவென்று இருந்தது. நான்கே மாதம் தம்பி. அதே நாளில் வாங்கிய என் ஷூ என் மேசைக்கு அடியில், பேப்பர் சுருட்டி வைத்தபடி இருக்கிறது.

"எங்கெல்லாம் போட்டு நடந்த?"

"கோர்ட்டுல மட்டும்தான் மாஸ்டர்."

"ஷெட்டுல போட்டியா?"

"இல்ல மாஸ்டர்."

"அப்போ எப்படித் தேஞ்சுது?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மேசைக்கு அடியில் இருந்த என் ஷூவைப் பார்த்தான்.

"தெரியல மாஸ்டர்" என்றான்.

நான் தரம் பார்த்துப் பழகியவன். நூலில் குறை வந்தால் நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்போம் என்றால், ஒரே பஞ்சு, ஒரே மெஷின், ஒரே நேரம் என்று இரண்டு மாதிரி எடுத்துப் பக்கத்தில் வைப்போம். ஒன்று நன்றாக இருந்து மற்றது கெட்டிருந்தால், குறை மெஷினில் இல்லை, வெளியில் இருக்கிறது என்று அர்த்தம். இருபத்தெட்டு வருஷமாக அந்த முறை எனக்குத் தப்பியதே இல்லை. இங்கேயும் அப்படித்தான் பார்த்தேன். ஒரே கம்பெனி ஷூ. ஒரே தரை. தினமும் அதே ஒரு மணி நேரம். ஒன்று புதிது, ஒன்று ஓட்டை. அப்படியானால் காரணம் கோர்ட்டுக்கு வெளியில். சைடர் ஒரு ஷிஃப்டில் எத்தனையோ கிலோமீட்டர் நடக்கிறான். மில் ஷூவைப் போட்டுக்கொண்டு ஷெட்டில் நடந்திருக்கிறான். முடிந்தது கணக்கு.

லேபிலிருந்து வெர்னியர் அளவுகோல் வரவழைத்து அளந்தேன். என் ஷூவில் அடி ரப்பரின் வரிப்பள்ளம் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர், வாங்கியபோது இருந்த அதே அளவு. அவனுடையதில் ஒன்றுமே இல்லை. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தேனே தவிர, எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. நடந்து தேய்ந்தால் இரண்டு காலும் ஒரே மாதிரி தேயும். அதை ஸ்கூல் பிள்ளைகூடச் சொல்லும்.

எங்கள் ஷெட் வாசலில் ஒரு மேசை உண்டு. குறை மேசை என்று பெயர். நான் மாஸ்டர் ஆனதும் கொண்டுவந்தது. குறையுள்ள நூல்கண்டை, அதைப் பார்த்துக்கொண்ட சைடரின் நம்பரோடு அந்த மேசையில் வைப்போம். ஷிஃப்ட் மாறும்போது எல்லாரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். யாரையும் திட்ட வேண்டியதில்லை, மேசையே சொல்லிவிடும்.

அந்த மேசையில் இரண்டு ஜோடி ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அடி மேலே தெரிகிற மாதிரி கவிழ்த்து வைத்தேன். ஒன்றின்மேல் என் பெயர், இன்னொன்றின்மேல் அவன் நம்பர். நடுவில் என் கையெழுத்தில் ஒரு அட்டை. "ஒரே நாளில் கொடுக்கப்பட்டவை. ஒரே இடத்தில் பயன்படுத்தப்பட்டவை. வித்தியாசத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்."

சிரிக்கிறீர்களா தம்பி? சிரியுங்கள். அவர்களும் சிரித்தார்கள்.

மூன்று நாள் அந்த மேசையில் இருந்தது. மூன்று ஷிஃப்ட் ஆட்களும் பார்த்தார்கள். கேன்டீனில் வேலை பார்க்கிற பேச்சியம்மா டீத்தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"மாஸ்டர், உங்களுது புதுசாட்டம் இருக்கே. சாமி ரூம்ல வச்சிருந்தீகளா?"

"பராமரிப்பு, பேச்சியம்மா" என்றேன்.

"அதான பாத்தேன். கால்ல போட்டா இப்படி இருக்காதே."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் என் மனைவி சொர்ணத்திடம்கூடச் சொன்னேன்.

மூன்றாம் நாள் டைம் ஆபீஸ் ரத்தினவேல் வந்தார். "மாஸ்டர், எடுத்துருவோமா?"

"ஏன்? இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

"எல்லாரும் பாத்தாச்சு மாஸ்டர். பக்கத்து மில்லுல இருந்தும் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க."

அதற்கும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நாயகம்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. இத்தனை பேர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று. அவனைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னேன்.

"சிரிக்கிறாங்கன்னு மனசு விட்டுராத நாயகம்."

"என்னையப் பாத்து சிரிக்கல மாஸ்டர்."

"பின்ன யாரப் பாத்து?"

அவன் மெஷின் பக்கம் பார்த்தான். "அஞ்சாம் நம்பர்ல இழை அறுந்திருக்கு மாஸ்டர், போறேன்" என்று போய்விட்டான். அந்தச் சமயத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தப்பு செய்தவன் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவனுடைய பணிப் பதிவேட்டில் எழுதினேன். "மில் கொடுத்த பொருளைச் சொந்தத் தேவைக்குத் தவறாகப் பயன்படுத்தினார். பராமரிப்பு அறியாதவர்." எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜோடியிலிருந்தும் எடுத்துவிட்டேன். தை மாதப் போட்டிக்கு வேறொருவரைச் சேர்த்துக்கொண்டேன். திண்டுக்கல் பக்கம், மில்லுக்குப் புதிது, எங்கள் வழக்கம் தெரியாதவர். காக் என் பக்கம் வந்தபோதெல்லாம் "உங்களுது மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவர் இடத்திலேயே நின்றார். முதல் சுற்றிலேயே தோற்றோம். இவருக்கு ஆட்டமே தெரியவில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன்.

மாசியில் ஜாபர் பதவி ஒன்று வந்தது. ஜாபர் என்றால் சைடர்களுக்கு மேலே. பதினெட்டு வருஷ சர்வீஸ், அந்தக் கண், அந்தக் கை. நாயகத்துக்குத்தான் வர வேண்டியது. பதிவேட்டைப் புரட்டினார்கள். நான் எழுதியது இருந்தது. கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அவன் வேலையை விட்டுவிட்டான். என்னிடம் வந்து சொன்னான். "போயிட்டு வாறேன் மாஸ்டர்." அவ்வளவுதான். நான் ஃபைலில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினேனா என்று நினைவில்லை. நிமிர்த்தியிருக்க மாட்டேன்.

அதன்பின் இரண்டு மில்லில் வேலை கேட்டிருக்கிறான். பழைய மில்லில் விசாரித்திருக்கிறார்கள். பதிவேட்டில் இருந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது சங்கரன்கோவிலில் மச்சினனின் பூக்கடைக்கு மூட்டை தூக்குகிறான். ஐந்நூறு கதிரில் ஒரு இழையைக் கண்டுபிடிக்கிறவன்.

இது என்ன ஊர்? கரிவலமா? சரி. இந்த ஊர் தாண்டுகிறவரைக்கும் என்னோடு பேசிக்கொண்டே இருங்கள் தம்பி. வண்டி கிளம்பிவிட்டால் நான் இறங்க முடியாது.

கிளம்பிவிட்டது. நல்லது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றுதானே கேட்கிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. டவுனில் மணிக்கு வாடகைக்கு விடுகிற ஷட்டில் கோர்ட் ஒன்று இருக்கிறது. காலையில் போனேன். அதே ஷூதான். பதினொரு மாதம் ஆகியும் புதிது மாதிரி. யாருக்கும் என்னைத் தெரியாது. பேங்க்கில் வேலை பார்க்கிற ஷர்மிளா என்று ஒரு அம்மாள், நாற்பது வயது இருக்கும், அவரோடு ஜோடி சேர்த்தார்கள். நான் வழக்கம்போல நடுவில் போய் நின்றேன். முதல் காக் என் வலதுபக்கம் மூலைக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது விழுந்தது.

"அங்கிள், அது உங்க பக்கம்."

அடுத்தது முன்னால் விழுந்தது. "அதும் உங்க பக்கம்தான் அங்கிள்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன் தம்பி. என்ன எதிர்பார்த்துத் திரும்பினேன் தெரியுமா? ஒரு குரலை. அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். இருபத்தொன்றுக்கு நான்கு என்று தோற்றோம். அந்த நான்கும் அவர் எடுத்தது.

அடுத்த நாளும் போனேன். எல்லாரும் எனக்கே அடித்தார்கள். அதுதானே ஆட்டம், ஓடாதவன் பக்கம்தான் அடிப்பார்கள். மில்லில் எனக்கு யாரும் அப்படி அடித்ததில்லை. ஓட வேண்டியதாயிற்று. முன்னால் தாவும்போது வலது குதிகால் தரையில் அறைந்தது. திரும்பி வரும்போது இடது பெருவிரல் தரையில் இழுபட்டது. ஒவ்வொரு தடவையும் கிறீச்சென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான்கு வருஷம் எனக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறேன். என் காலிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

ஒன்பது நாள் ஆடினேன். பத்தாம் நாள் முட்டி வீங்கிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்தபோது இடது பெருவிரல் பக்கம் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. ஓய்வு பெற்ற அன்று லேபில் எனக்கு ஒரு வெர்னியர் பரிசளித்திருந்தார்கள். எடுத்து அளந்தேன். பதினொரு மாதத்தில் தேயாதது ஒன்பது நாளில் முக்கால் மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது.

அளந்துவிட்டால் கணக்குப் போடாமல் இருக்க என்னால் முடியாது. அந்த வேகத்தில் தேய்ந்தால் மூன்று மில்லிமீட்டரும் முப்பத்தாறு நாளில் போய்விடும். அதுவும் என் பங்கை மட்டும் நான் ஓடினால். நாயகம் என் பங்கையும் சேர்த்து ஓடினான். ஆனாலும் அவன் ஷூ நான்கு மாதம் வந்தது. நான்கு மாதம் எப்படி வந்தது? பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிறவரிடம் விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கொண்டுவந்து சைக்கிள் டியூப் துண்டு வைத்து ஒட்டிக்கொண்டு போவானாம். பிரிந்தால் மறுபடி ஒட்டுவானாம். "ரொம்ப பத்திரமா வச்சிருப்பாரு சார். பேப்பர்ல சுத்தித்தான் கொண்டாருவாரு" என்றார்.

பராமரிப்பு அறியாதவர் என்று எழுதினேன்.

அப்புறம்தான் அந்த மேசை ஞாபகம் வந்தது. இரண்டு ஜோடி ஷூ. அட்டையில் என் கையெழுத்து. வித்தியாசத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும். மில்லில் அத்தனை பேரும் பார்த்தார்கள், கற்றுக்கொண்டார்கள். எழுதி வைத்தவனைத் தவிர. மூன்று நாள் என் மானத்தை நானே கவிழ்த்து வைத்து, பக்கத்தில் நின்று விளக்கமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து கடைத்தெருவில் மில் ஆட்கள் யாராவது எதிரில் வந்தால் சந்துக்குள் நுழைந்துவிடுகிறேன். பேச்சியம்மாவைத் தூரத்தில் கண்டு ஒருநாள் வளையல் கடைக்குள் போய்விட்டேன். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஹேர்பின் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமை விஷயம். எனக்கு அடுத்து மாஸ்டராக வந்தவர் அமல்தாஸ். அவரைப் போய்ப் பார்த்தேன். மறுபடியும் ஒரு ஜாபர் இடம் காலியாம். "கோமதிநாயகம் மாதிரி ஒருத்தர்தான் சார் தேடுறோம். ஆனா பதிவேடு இடிக்குதே. நீங்க எழுதினது தப்புன்னு எழுதிக் குடுங்க. அவர் மனுவோட சேர்த்து வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும். காரணம் தெளிவா இருக்கணும் சார், மேல கேப்பாங்க."

எழுதியிருக்கிறேன். சட்டைப் பையில் இருக்கிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்து ஐந்தாவதாக எழுதியது. படிக்கிறேன், கேளுங்கள். "மேற்படி காலணித் தேய்மானம் தொடர்பாக, அன்றைய சூழ்நிலையில் ஏற்பட்ட புரிதல் குறைபாட்டின் காரணமாகப் பதிவு செய்யப்பட்ட குறிப்பை மறுபரிசீலனை செய்யலாம் எனக் கருதப்படுகிறது."

நன்றாக வந்திருக்கிறது அல்லவா? யார் மனமும் நோகாது.

யாருடைய புரிதல் குறைபாடா? அது, படிக்கிறவர்களுக்குத் தெரியும். பொதுவாகச் சொன்னால் போதாதா? அவனுக்கு வேலை கிடைத்தால் சரிதானே.

சரி, அதை விடுங்கள். இந்த ஷூவைப் பாருங்கள். இதை எதற்குக் கொண்டுபோகிறேன் என்றால், அவனிடம் காட்ட. நான் அவன் முன்னால் பேச்சில் தடுமாறிவிடுவேன். ஷூவைக் கொடுத்தால் அவன் அடியைத் திருப்பிப் பார்ப்பான். மாஸ்டரும் ஓடியிருக்கிறார் என்று அவனுக்கே தெரியும். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. பாருங்கள், இடது பெருவிரல் பக்கம். நாயகத்தின் ஷூ மாதிரியே ஓட்டை விழுந்திருக்கிறது.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

வலது ஷூவா? அதை ஏன் எடுக்கிறீர்கள்? குதிகாலில் என்ன?

கொடுங்கள் தம்பி. நீங்கள் ஆடுகிறவர். நான்தானே தேடி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆமாம். ஒன்பது நாள்தான் ஆடினேன் என்று நானே சொன்னேனே. ஒன்பது நாளில் ஓட்டை விழாது. முக்கால் மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. காட்டுவதற்குப் போதாது. அதனால் கொல்லையில் துவைக்கிற கல்லில் தேய்த்தேன். நான்கு நாள், காலையில் அரை மணி நேரம். அளந்து அளந்து தேய்த்தேன். சொர்ணம் பார்த்துவிட்டு, "என்ன செய்யுறீங்க?" என்றாள். "சுத்தம் பண்றேன்" என்றேன். "நல்ல ஷூவப் போட்டு இந்தத் தேய் தேய்க்கிறீங்களே" என்றாள். இடதை மட்டும்தான் தேய்த்தேன். வலது குதிகால் நினைவுக்கு வரவில்லை. இந்தத் தடவையும் எவ்வளவு என்றுதான் பார்த்தேன்.

நீங்களே ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள். அவன் கண் எப்படிப்பட்டது என்று சொன்னேனே. கையில் வாங்கக்கூட மாட்டான். தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். தெரிந்தும் ஒன்றும் சொல்ல மாட்டான், அதுதான். "நல்லா ஓடியிருக்கீங்க மாஸ்டர்" என்பான். கடிதத்தையும் வாங்கிக்கொள்வான். புரிதல் குறைபாடு என்று இருப்பதைப் படித்துவிட்டு, "போதும் மாஸ்டர், மத்தத நான் பாத்துக்கிறேன்" என்பான். பார்த்துக்கொள்ள அவனால் முடியாது. இந்தக் கடிதத்தைப் பார்த்தால் அமல்தாஸ் திருப்பித்தான் அனுப்புவார். வெள்ளிக்கிழமை போய்விடும்.

பேனா இருக்கிறதா தம்பி? கொடுங்கள். இந்தத் தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் பேட் உறையின்மேல் வைத்து எழுதிக்கொள்ளட்டுமா? ஒரு நிமிஷம். பேச்சுக் கொடுக்காதீர்கள்.

எழுதிவிட்டேன். இதையும் படிக்கிறேன்.

"கோமதிநாயகம் ஷூவைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. நான்கு வருஷமும் அவர் ஓடினார். நான் ஓடவில்லை, நின்றேன். அதனால்தான் அவர் ஷூ தேய்ந்தது. அதனால்தான் என் ஷூ தேயவில்லை. பதிவேட்டில் நான் எழுதியது பொய். இந்தக் கடிதத்தைக் குறை மேசையில் மூன்று நாள் வைக்கவும். பெத்துராஜ்."

முன்பக்கத்தை அடித்துவிட்டேன்.

ஷூவையும் கொண்டுபோகிறேன். கல்லில் தேய்த்தது என்று அவன் பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனால் மறுபடியும் வலதைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கையெழுத்துதான் கோணல்மாணலாகப் போய்விட்டது. என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும், மில்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பஸ் இந்த ஆட்டம் ஆடினால் எப்படி எழுதுவது?

என்ன சொல்கிறீர்கள்? சங்கரன்கோவில் வந்து வண்டி நின்றுவிட்டதா? எப்போது நின்றது?

நான் பேனாவை வாங்குவதற்கு முன்பேயா?

சரி. இந்தாருங்கள் உங்கள் பேனா. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள் தம்பி, இறங்கிக்கொள்கிறேன்.